நண்டு கடித்தபின் பழகிய கிற்றார்

தோழியின் கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தபோது வாவி நண்டு ஒன்று என் இடது கைச் சுண்டுவிரலைக் கடித்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கல்லடிப் பாலத்தடியில் தோணிக்காரர் ஒருவரிடம் என் கணவர் வாங்கி வந்த நண்டுகள் குசினித் தொட்டியில் கிடந்தன. ஒன்றின் கட்டு மட்டும் இளகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. நல்ல பெரிய நண்டு. பிடித்தது விடவில்லை. நான் போட்ட சத்தத்தில், வயல் வட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தார்.

"இழுக்காத! இழுத்தா விரல் போயிரும்!"

என் கையையும் நண்டையும் சேர்த்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கினார். தண்ணீர் பட்டதும் வீடு வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்ததோ என்னவோ, நண்டு பிடியைத் தளர்த்தியது.

விரல் நுனி எலும்பில் வெடிப்பு. நான் வேலை செய்வதே ஆஸ்பத்திரியில், இரத்தம் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில். ஆகவே அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். என்ன நடந்தது என்று அக்கறையோடு கேட்டவர்கள் எல்லோரும் பதிலைக் கேட்டுச் சிரித்தார்கள். விரலை நிமிர்த்திச் சின்ன அலுமினியத் தகட்டோடு கட்டிவிட்ட டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தக் கையால ஒண்டையும் இறுக்கிப் பிடிக்க வேணாம். எலும்பு பொருந்தட்டும்."

"கிற்றார் வாசிக்கலாமா டொக்டர்?"

"இறுக்கிப் பிடிக்காம வாசிக்க ஏலுமெண்டா வாசிங்க" என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நண்டு கடித்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. வீட்டுக்கு வந்து மத்தியானம் அந்த நண்டைக் கறி வைத்துத் தின்றோம். கணவர்தான் சமைத்தார். கறி நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அழுததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் மூன்று பேர், பள்ளிக்கூடத்துப் பாடற்குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். ஐம்பதை எட்டிப் பார்க்கும் இந்த வயதிலும் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கூடிவிடுவோம். ஒருத்தி பாடுவாள், மற்ற இருவரும் கிற்றார் வாசிப்போம். கிற்றார் வாசிக்கும் மற்றவள் டச்பாரில் இருக்கும் பறங்கியர் வீட்டுப் பெண், தையல்காரி. அவர்கள் வீட்டில் நத்தாரோ பிறந்தநாளோ, வயலினும் கிற்றாரும் இல்லாமல் கேக் வெட்டமாட்டார்கள். பாடுபவள் ஆங்கில ஆசிரியை. அவளுக்குத்தான் கலியாணம்.

தம்பிமாரைப் படிப்பித்து, தாயைக் கடைசிவரை பார்த்து, "இனி எனக்கு என்னத்துக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் தண்ணீர் மோட்டர் ஒரு நாள் பழுதானது. திருத்துவதற்குப் பெரியகல்லாற்றிலிருந்து ஒருவர் வந்தார். வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்துபவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அதன் பிறகு, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அந்த மோட்டர் அடிக்கடி பழுதாகத் தொடங்கியது. யார் அதைப் பழுதாக்கினார்கள் என்று நாங்கள் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை.

கலியாணத்தில் தானே பாடப்போவதாக அவள் அறிவித்தபோது வீட்டில் பெரிய புகைச்சல். அவளுடைய அண்ணன் ஓய்வுபெற்ற அதிபர்.

"பொம்பிளை மணவறையில குனிஞ்ச தலையோட இருக்கணும். மைக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதா? ஆக்கள் என்ன பறைவாங்க?"

"தாலி கட்டினதுக்குப் பிறகுதான் பாடுவன் அண்ணா. அப்ப நான் அவர்ட பொறுப்பு. அவருக்கிட்டப் போய்க் கேளுங்க."

அவர் கேட்கப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படி ஒரு சண்டை பிடித்து வாங்கிய பாட்டுக்குத்தான் நான் விரலைக் கெடுத்துக்கொண்டு நின்றேன். தையல்காரிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"என்னால ஏலாது. வேற ஆரையும் புடிங்க."

"ஓம், புடிப்பம். நண்டு கடிக்காத ஆளாப் பாத்துப் புடிப்பம்" என்றாள். பிறகு, "கிற்றாரையும் எடுத்துக்கிட்டு வீட்ட வாகா" என்றாள்.

அவளுடைய முன்னறையில் தையல் மெசின், துணிக் குவியல், கதவு நிலையில் தொங்கும் மணப்பெண்ணின் முடிக்காத பிளவுஸ். எஞ்சிய இடத்தில் இரண்டு கதிரை. நான் கிற்றாரை மடியில் வைத்து வழக்கமான எஃப் கோட்டைப் பிடித்துப் பார்த்தேன். சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தைத்தான் கோட் என்கிறோம். எஃப் கோட்டுக்கு ஆட்காட்டி விரலை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே போட்டுக் கையால் கிடுக்கிபோல் இறுக்க வேண்டும். இறுக்கியதும் சுண்டுவிரலிலிருந்து முழங்கைவரை மின்னல் ஓடியது.

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆறு கம்பியையும் ஏன்கா புடிக்கிற? கீழால மெல்லிய கம்பி மூண்டு இரிக்கில்ல, அத மட்டும் புடி."

"மூண்டு கம்பியில கோட் வருமா?"

"ஒரு கோட்டில எத்தின சுரம் இரிக்கி?"

"மூண்டு."

"மறுகா என்ன?"

அது எனக்குத் தெரியாத விடயமல்ல. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தவள் நான். சி கோட் என்றால் ஸ, க, ப, மூன்றே சுரங்கள்தான். ஆறு தந்திகளில் அவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. தெரிந்ததுதான், ஆனால் முப்பது வருடமாக அதை விரல் யோசித்ததில்லை. சி என்று யாராவது சொன்னால் என் விரல்கள் ஒரே இடத்துக்குப் போய், ஒரே மாதிரி உட்காரும்.

அவள் தன் கிற்றாரை எடுத்து மூன்று மெல்லிய தந்திகளில் மட்டும் வாசித்துக் காட்டினாள். முதலில் ஸ அடியில், அதன் மேல் க, ப. பிறகு கையைக் கழுத்தில் மேலே நகர்த்தினாள். இப்போது க அடியில், ஸ உச்சியில். இன்னும் மேலே போனாள். ப அடியில் வந்தது.

"மூண்டு பேர் ஒரு வாங்கில இரிக்கிற மாதிரித்தான். ஆர் ஓரத்தில இரிந்தாலும் அதே மூண்டு பேர்தானே? இதக் கிறுகின கோட் எண்டு எங்கட வீட்டில சொல்லுவம்."

எங்கள் பக்கத்தில் திரும்புவதைக் கிறுகுவது என்போம். பஸ் சந்தியில் கிறுகும். கோட் கிறுகியதை நான் அன்றுதான் கேட்டேன். இணையத்தில் தேடியபோது இன்வேர்ஷன் என்று போட்டு, அம்புக்குறிகளும் நிறங்களுமாக ஏராளமான காணொளிகள் கிடந்தன. எனக்கு அவளுடைய சொல்லே போதுமாக இருந்தது.

எனக்கு மூன்று விரல் மிச்சம் இருந்தது, கோட்டுக்கு மூன்று சுரம்தான் வேண்டும். மெல்லிய தந்திகளுக்கு இறுக்கமும் தேவையில்லை. விரலைத் தொட்டு வைத்தாலே ஒலிக்கும். டொக்டர் பகிடிக்குச் சொன்னதை நான் அப்படியே செய்யத் தொடங்கினேன்.

முதல் கிழமை சுகமாக இருக்கவில்லை. கிற்றாரின் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரித்த கட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றில் முதல் மூன்று கட்டங்கள்தான் எனக்குச் சொந்த ஊர். அதற்கு மேலே நான் போனதில்லை. ஐந்தாம் கட்டத்தில் கையை வைத்துவிட்டு அடுத்த கோட்டுக்கு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பேன். எட்டாம் கட்டத்துக்குப் போவதாக நினைத்து ஏழில் இறங்குவேன். அந்த ஒலியைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுக்கும்.

பிறகு ஒரு பின்னேரம் ஒரு விடயம் பிடிபட்டது. சி கோட்டை ஸ அடியில் வரும்படி ஐந்தாம் கட்டத்தில் பிடித்திருந்தேன். எஃப் கோட்டுக்கு வழக்கம்போல் கழுத்தின் அடிவாரத்துக்கு ஓட வேண்டுமா என்று பார்த்தேன். தேவையில்லை. எஃப்பிலும் அந்த ஸ இருக்கிறது. அந்தச் சுரம் இருந்த இடத்திலேயே இருக்க, மற்ற இரண்டு சுரங்களும் ஒன்றிரண்டு கட்டம் நகர்ந்தால் போதும். எஃப் கிறுகி நின்றுவிடுகிறது. ஜி கோட்டும் பக்கத்திலேயே இருந்தது. மூன்றாம் கட்டத்துக்கும் ஆறாம் கட்டத்துக்கும் இடையில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குள், ஒரு முழுப் பாட்டும் அடங்கியது. முன்பெல்லாம் ஒரு கோட்டிலிருந்து மற்றதுக்குக் கை பாயும். இப்போது விரல்கள் அசைந்ததுகூட வெளியே தெரியவில்லை.

நான் சந்தோஷத்தில் குசினிக்குள் போய்க் கணவரைக் கூப்பிட்டேன். அவருக்குச் சங்கீதம் ஆகாது. ஆனால் வட்டையில் தண்ணீர் பாயும் சத்தத்தை வைத்தே எந்த வரம்பு உடைந்தது என்று சொல்லக்கூடியவர். அவரை உட்கார வைத்து சி கோட்டை மூன்று விதமாகவும் வாசித்தேன்.

"வித்தியாசம் தெரியுதா?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "முதல் வாசிச்சது, வேலை முடிச்சிட்டு வந்து இரிந்த மாதிரி இரிக்கி. ரெண்டாவது, எழும்பிப் போகலாமா எண்டு யோசிக்கிற மாதிரி. கடைசியா வாசிச்சது, வாசல்ல நிண்டு செருப்பு மாட்டுற மாதிரி."

நான் மறுபடி வாசித்துக் கேட்டேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். ப அடியில் நிற்கும்போது அந்தக் கோட் ஓரிடத்தில் தங்காது. எங்கேயோ போக வேண்டும் என்ற மாதிரியே ஒலிக்கும். அதற்குப் பிறகு வீட்டில் எங்களுக்குள் அதுவே பெயராகிவிட்டது. "செருப்பு மாட்டுற கோட்டை இன்னொருக்கா வாசி, நல்லா இரிந்திச்சி" என்பார்.

வேலை நேரத்திலும் விரல்கள் சும்மா இருக்கவில்லை. இரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் இயந்திரத்தில் சுழன்று முடியும்வரை மேசை விளிம்பைக் கிற்றார்க் கழுத்தாக நினைத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன். கூட வேலை செய்யும் காத்தான்குடித் தங்கச்சி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னகா இது, கைக்கு எக்சசைஸா?"

"இல்ல, கோட்டைக் கிறுக வைக்கிறன்."

அவள் மெதுவாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்ற துணிவில் மணப்பெண்ணையும் கூப்பிட்டு ஒத்திகை வைத்தோம். பாட்டு ஒரு பழைய சினிமாப் பாட்டு. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அவளுடைய பாட்டு. டி சுருதியில் பாடுவாள். நான் பழகியதை அப்படியே இரண்டு கட்டம் மேலே தள்ளி வைத்துக்கொண்டு தொடங்கினேன். இரண்டு வரி பாடியதும் அவள் நிறுத்திவிட்டாள்.

"என்ன புள்ள இது, டிங் டிங் எண்டு? கிற்றார் எங்க?"

"இதான் கிற்றார்."

"இது மணிக்கூட்டுச் சத்தம் மாதிரி இரிக்கி. எனக்குக் கீழ நிலம் வேணும். நிண்டு பாடுறதுக்கு."

முகம் சுருங்கிவிட்டது எனக்கு. இத்தனை நாள் பட்ட பாட்டை அவள் ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டாள். கிற்றாரை உறைக்குள் வைக்கப் போனேன். தையல்காரி தன் கிற்றாரை எடுத்து, தடித்த தந்திகளில் மட்டும் மெதுவாகத் தட்டத் தொடங்கினாள். அடி ஒலி மட்டும். தும், தும் என்று.

"உனக்கு நிலம் நான் தாறன்" என்று பாடுபவளிடம் சொன்னாள். என்னிடம், "நீ மேலயே நில். கீழ வராத" என்றாள்.

மறுபடி தொடங்கினோம். இந்த முறை அவள் நிறுத்தவில்லை. பல்லவி முடிந்தது, சரணம் முடிந்தது. கடைசி வரியில் உச்ச ஸவைப் பிடித்து நிறுத்தும் இடம் வந்தபோது நான் டி கோட்டைக் கிறுக வைத்து, அதே ஸ என் மெல்லிய தந்தியில் உச்சியாக வரும்படி வாசித்தேன். அவளுடைய குரலும் தந்தியும் ஒன்றாகப் போய் நின்றன.

"இத்தின வருசமும் நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்தில நிண்டு தள்ளுப்பட்டிரிக்கிறீங்க, என்ன?" என்றாள் பாடுபவள். "இப்பதான் ரெண்டு கிற்றார் கேக்குது."

உண்மைதான். முப்பது வருடமாக நாங்கள் இருவரும் ஒரே கோட்டை ஒரே இடத்தில் பிடித்து, ஒருவரின் சத்தத்தை ஒருவர் மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். நன்றாக வாசிப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தோம். தையல்காரிக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கல்லையே. அதோட நீ அந்த எஃப் கோட்டில சரியான பெருமையா இரிந்த" என்றாள். மூவரும் சிரித்தோம்.

கலியாணம் கல்லடியில், காலை முகூர்த்தம். கோயிலில் தாலி கட்டி, பிறகு மண்டபத்தில் சாப்பாடு. நாங்கள் இருவரும் மண்டப மேடையின் ஓரத்தில் கிற்றார்களைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள். முகம் வெளிறியிருந்தது. வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது.

"ஓமப் புகை" என்றாள், கரகரத்த குரலில். "அதோட விடிய எழும்பினதில இரிந்து வாற ஆக்களோட கதைச்சிக் கதைச்சித் தொண்டை போயிற்று. மேல ஏறாதுகா. என்ன செய்யிற?"

"பாடாம விடுவமா?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு முன்னால தோற்கிறதா? ஏலா. கீழ இறக்குங்க."

தையல்காரி என்னைப் பார்த்தாள். டி சுருதியிலிருந்து சி சுருதிக்கு இறங்க வேண்டும். முந்திய நாட்களில் என்றால் ஒரு தாளை எடுத்து எல்லாக் கோட்டையும் மாற்றி எழுதி, ஒருவரோடு ஒருவர் எரிந்து விழுந்து, நான் எஃப் கோட்டில் இடறி விழுந்திருப்பேன். இப்போது செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். கையை இரண்டு கட்டம் கீழே இறக்கினேன். நான் முதன்முதலில் பழகிய அதே உள்ளங்கை அகலம். தையல்காரிக்குச் சி எந்த நாளும் கைப்பழக்கம். "சரி, போவம்" என்றாள்.

மணமகன் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவள் பாடப்போவது அவருக்குத் தெரியும், எந்தப் பாட்டு என்று தெரியாது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி நின்று தொடங்கினாள். குரல் கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனால் கீழ்ச் சுருதியில் அந்தக் கரகரப்பே அழகாக இருந்தது. பந்திக்குக் காத்து நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணமகன் தொடையில் தாளம் போட்டார், பாட்டின் தாளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல்.

கடைசி வரி வந்தது. உச்ச ஸவுக்கு அவள் ஏறினாள். பாதியில் குரல் அறுந்துபோயிற்று. ஒரு மூச்சு நேரம் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. என் கை எட்டாம் கட்டத்துக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஸ உச்சியில் நிற்கும் சி கோட்டை வாசித்து, மெல்லிய தந்தியை மட்டும் மறுபடியும் தனியாகத் தட்டி ஒலிக்கவிட்டேன். அவள் விட்ட சுரம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே சிரிப்போடு மணமகன் பக்கம் குனிந்து கும்பிட்டாள். அப்படித்தான் முடிப்பதென்று நாங்கள் பேசி வைத்திருந்ததாக எல்லோரும் நினைத்துக் கை தட்டினார்கள். மணமகன் எழுந்து நின்றே தட்டினார். மாலை கழன்று தோளில் தொங்கியது.

மேடையிலிருந்து இறங்கும்போது அவளுடைய அண்ணன் எதிரே வந்தார். கையில் ஒரு கோப்பை. சுடச்சுட மல்லித்தண்ணி.

"இந்தா, குடி. தொண்டை இப்பிடி இரிக்கக்குள்ள பாடுற வேலையா இது?" என்று தங்கையை ஏசினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அந்தப் பாட்டு எங்கட அம்மாவுக்கும் சரியான விருப்பம்" என்றார். அவ்வளவுதான். சாப்பிடச் சொல்லி எங்களை அவரே பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். தையல்காரியின் இலையில் இரண்டு முறை பாயாசம் ஊற்றச் சொன்னார்.

இப்போது எங்கள் ஒத்திகை பெரியகல்லாற்றில் நடக்கிறது. விடுமுறை நாளில் நானும் தையல்காரியும் கிற்றார்களோடு பஸ் ஏறிப் போகிறோம். வாவிக்கரையில் இருக்கும் பட்டறையில் புது மாப்பிள்ளை இயந்திரங்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்; நாங்கள் உள்ளே வாசித்துக்கொண்டிருப்போம். போன முறை அவர் கையில் எண்ணெயோடு கதவடியில் வந்து நின்றார்.

"அக்கா, அந்தக் கடைசியில வாசிச்சது பிழையா?"

"பிழைதான் தம்பி. மைனர் கோட்டைக் கிறுக வைக்கப் பாக்கிறன். இன்னும் கைக்கு வரல்ல."

"பிழையெண்டாலும் நல்லாத்தான் இரிக்கி" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "தேத்தண்ணி போடட்டா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்லுமுன்பே கை கழுவப் போனார்.